மிஸ் லாத்வெல் நீக்கிய பக்கங்கள்

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மிஸ் லாத்வெல் என் ஆவண அறைக் கதவின் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். அவர் வெளியே நிற்பது எனக்கும் தெரியும். ஒன்பது அடித்தால்தான் திறப்பேன் என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஆட்டுவார். இருபத்து மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் இதே கூத்து. திறந்ததும், "கைப்பிடி ஆடுது ஐடா, யார்கிட்டயாவது சொல்லி வை" என்பார். ஆட்டி ஆட்டி அதை அப்படி ஆக்கியதே அவர்தான்.

உள்ளே வந்ததும் நான்கு பென்சில்களைச் சீவி, ஜன்னலோர மேசையில் வரிசையாக வைப்பார். அந்த மேசையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை. பாஸ்டனிலிருந்து வந்த வக்கீல் ஒருவர்கூட எழுந்துபோனார்.

மிஸ் வினிஃப்ரெட் லாத்வெல்லுக்கு வயது அறுபத்தெட்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் ஷூ தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தார். தைத்து முடித்த ஜோடிகளைத் திருப்பிப் பார்த்து, தையல் கோணியதைத் தூக்கி எறியும் வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவருடைய பழக்கம் மட்டும் மூடவில்லை. இப்போது மனிதர்களைத் திருப்பிப் பார்க்கிறார்.

1638இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்து, எங்கள் ஆற்றங்கரையில் முதல் வீடுகளில் ஒன்றைக் கட்டியவர் ஒபதியா லாத்வெல். அவருக்கு ஐந்து மகன்கள். அந்த ஐவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இன்றைக்கு ஓஹாயோவிலும் ஓரிகனிலும் சிதறிக் கிடப்பவர்கள் வரை ஒருவர் விடாமல் எழுதிவிட வேண்டும் என்பது மிஸ் லாத்வெல்லின் தீர்மானம். அதற்காகத்தான் என் அறைக்கு வருகிறார். மாவட்ட நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், முன்னூறு வருடத்து உயில்களுக்கும் பாகப் பத்திரங்களுக்கும் நான்தான் பொறுப்பு. அவற்றுக்கு மட்டும் பொறுப்பு என்று நினைத்துத்தான் வேலையில் சேர்ந்தேன்.

ஆரம்ப காலத்தில் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பெண்ணுக்கு 1702 ஏப்ரலில் திருமணம் என்றும், அதே 1702 பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகவும் பதிவு இருந்தது. சிரித்துவிட்டேன். மிஸ் லாத்வெல் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தக் காலத்தில் இங்கே வருடம் பிறந்தது மார்ச் கடைசியில், ஆகவே பிப்ரவரி வருடத்தின் வால் மாதம், ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது என்று எனக்கு மதியம் வரை பாடம் நடந்தது. கடைசியில், "காலண்டர் பார்க்கத் தெரியாம அந்தப் பொண்ணப் பத்தித் தப்பா நினைச்சிட்டியே" என்றார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெண்ணுக்காக என்னிடம் அவருக்கு உண்மையாகவே கோபம்.

அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் நடையில் நின்றபடி அவித்த முட்டை இரண்டும் ரொட்டியும் சாப்பிடுவார். கோடைக்காலத்தில் முழங்கை வரை சிவந்து தடித்து வருவார். புதர் மண்டிய கல்லறைகளில் புகுந்து, அரிக்கும் கொடி எது என்று தெரிந்தும் அதை விலக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லெழுத்தைப் படித்திருப்பார். யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும், துக்கம் சொன்ன கையோடு, செத்தவரின் தாயாருக்குக் கல்யாணத்துக்கு முன் என்ன குடும்பப்பெயர் என்று கேட்டுவிடுவார். தபால் நிலையத்தில் அவருடைய வண்டி நிற்பதைக் கண்டால் பாதி ஊர் அடுத்த நாள் போய்க்கொள்ளும். அந்த வண்டியின் பின் இருக்கை முழுக்க ஷூ பெட்டிகள். அவற்றில் ஷூ கிடையாது. ஆளுக்கொரு அட்டையாகப் பதினோராயிரம் லாத்வெல்கள்.

யாராவது தங்கள் முன்னோரைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொன்னால் அவருடைய பதில் ஒன்றுதான். "ஆசைக்கு ஆதாம் வரைக்கும் போய் ஒட்டிக்கலாம். தாள் எங்க?"

இந்த "தாள் எங்க" என்பதால் மனம் நொந்தவர்கள் பலர். கோரா பிக்ஸ்பியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோரா எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர். தாய்வழியில் லாத்வெல் என்று நம்பியவர். லாத்வெல் குடும்பச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் கூடும். ஒபதியாவின் ரத்த வழியில் வந்தவர்கள் மட்டுமே உறுப்பினர். இந்த விதியை எழுதியவர் சங்கத்தின் செயலாளரான மிஸ் லாத்வெல். ஒன்பது வருடத்துக்கு முன் நடந்த கூட்டத்தில், திருத்தங்கள் என்ற தலைப்பில் அவர் எழுந்து படித்தார்: கோராவின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிறவர், அந்தக் குழந்தை பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்; எனவே அந்தக் கிளை நீக்கப்படுகிறது. படித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். கோரா எழுந்து, தான் செய்து கொண்டுவந்திருந்த கேக்கை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுபடி வரவில்லை.

முன்கூட்டித் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று அப்போது கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "தனியா சொன்னா மட்டும் செத்தவன் எழுந்து வந்து பெத்திருப்பானா?" என்றார்.

இந்த வருடம் ஒபதியா வந்து முன்னூற்றைம்பது வருடம் நிறைவு. கூட்டத்துக்குள் மிஸ் லாத்வெல்லின் புத்தகம் அச்சாகி வர வேண்டும் என்று ஏற்பாடு. அறுநூறு பக்கம். மார்ச் மாதத்திலேயே தட்டச்சு முடிந்துவிட்டது. ஆனால் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒபதியாவின் வம்சத்தில் வந்த எபெனேசர் லாத்வெல் என்பவர் 1741இல் எழுதிய உயிலில் ஒரு சாட்சியின் பெயருக்கு எத்தனை 'எல்' எழுத்து என்பது சந்தேகமாம். என் பதிவுப் புத்தகத்தில் அந்த உயிலை எழுத்தர் பார்த்தெழுதிய படி இருக்கிறது. நூறு தடவை பார்த்திருக்கிறார். இப்போது மூலத்தாள் வேண்டும் என்றார். மூலத்தாள்கள் எல்லாம் மடித்துக் கட்டுக்கட்டாக மேல் அலமாரியில் கிடந்தன. இரண்டரை நூற்றாண்டு மடிப்பு, பிரித்தால் ஓரம் உதிரும். படியே போதும் என்று மூன்று செவ்வாய்க்கிழமை சொல்லிப் பார்த்தேன். "எழுதினவன் கை வேற, பார்த்து எழுதினவன் கை வேற" என்று மூன்று செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார். நான்காவது வாரம் ஏணியைப் போட்டேன். கோபத்தில் இரண்டு கட்டுகளைக் கீழே தவறவிட்டேன்.

மூலத்தாளை அவர் முன் விரித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வெகு நேரம் சத்தமே இல்லை. அவருடைய மேசையில் பென்சில் உரசும் சத்தம் கேட்காமல் இருப்பது அபூர்வம். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஐடா, இந்த வரியக் கொஞ்சம் படி. என் கண்ணு சரியில்ல."

படித்தேன். பதிவுப் புத்தகத்தின் படியில், "என் மகன் யோதாமுக்கு" என்று இருக்கும். மூலத்தாளில், "என் மனைவியோடு வந்த மகனும், என்னால் வளர்க்கப்பட்டு என் பெயரால் அழைக்கப்படுகிறவனுமாகிய யோதாமுக்கு, ஆற்றோரப் புல்வெளியும் சிவப்புக் கிடேரியும்" என்று இருந்தது. பார்த்து எழுதிய எழுத்தர் கை வலித்தோ சோம்பலாலோ சுருக்கிவிட்டார். எபெனேசர் மணந்தது ஒரு விதவையை. யோதாம் அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்தவன். அந்தக் கணவனின் பெயர் எங்கும் இல்லை.

அந்த யோதாமின் வழியில் வந்தவர்தான் மிஸ் லாத்வெல்.

புத்தகத்தில் யோதாம் வழி நூற்று நாற்பது பக்கம். உயிரோடு இருப்பவர்கள் மட்டும் நானூறுக்கு மேல். அவர், அவருடைய தம்பி வெர்னன், வெர்னனின் பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். இருபத்து மூன்று வருடமாக யாருடைய கல்லறையைச் சொந்தக் கல்லறை என்று சுரண்டிக் கழுவினாரோ அந்த ஒபதியா இவருக்கு யாரோ.

இந்தப் பெண்மணியிடம் எனக்கு எத்தனையோ எரிச்சல் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்து, செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் சொன்னேன். இந்தத் தாள்கட்டை இதுவரை யாரும் பிரித்ததில்லை, இனியும் யாரும் கேட்கப்போவதில்லை, மடித்து வைத்துவிடுகிறேன் என்றேன். மிஸ் லாத்வெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன்ன நம்பி இந்த அறையக் குடுத்திருக்காங்க" என்றார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு கட்டு எண், தாள் எண், வரி எண் எல்லாவற்றையும் குறித்தார். சான்று நகலுக்கு விண்ணப்பப் படிவம் கேட்டார். அன்றைக்கும் அவர் சாட்சியின் பெயரையும் விடவில்லை. அதற்கு ஒரே ஒரு 'எல்'தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெர்னன் வந்தார். கடைத்தெருவில் ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். சங்கத்துக்கு இந்த வருடத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. கடைப் பலகையிலேயே '1638 முதல் இந்த ஊரில்' என்று எழுதிவைத்திருக்கிறார். அக்காவின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெதுவாகப் பேசும்படி நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

முதலில், புத்தகத்தை இப்போதைக்கு இப்படியே அச்சிட்டுவிட்டு அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றார். பிறகு, எழுத்தரின் படியும் நீதிமன்றத்து ஆவணம்தானே, அதையே தாளாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். எதற்கும் அக்கா அசையவில்லை. கடைசியில் வெர்னன் அந்த நகலை எடுத்து விரலால் தட்டினார்.

"இதுலயே இருக்கு பாரு வின்னி. வளர்த்திருக்காரு. பேரக் குடுத்திருக்காரு. புல்வெளியக் குடுத்திருக்காரு. வளர்த்தவர் அப்பா இல்லயா?"

மிஸ் லாத்வெல் நேராகவே இருந்த பென்சில்களை மறுபடி நேராக்கினார். அவர் பதில் சொல்லத் தாமதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்பாதான்" என்றார். "ஆனா சங்கத்து விதி அத ஒத்துக்காது."

"விதிய எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப மாத்து."

"கோராவுக்கு மாத்தாத விதிய எனக்கு மட்டும் மாத்தச் சொல்றியா?"

வெர்னன் எழுந்தார். அப்பாவின் கல்லறைக் கல்லை என்ன செய்வதாக உத்தேசம், அதையும் திருத்துவாயா என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பெயர் நம்முடையதுதான், வம்சம்தான் இல்லை என்று மிஸ் லாத்வெல் விளக்க ஆரம்பித்தார். விளக்கத்தின் நடுவிலேயே வெர்னன் போய்விட்டார். வாசலைப் பார்த்தபடி மிச்ச விளக்கத்தையும் அவர் சொல்லி முடித்தார். எனக்கு ஏதாவது ஒன்றை எடுத்து மேசையில் ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

அன்று மாலை மிஸ் லாத்வெல்லின் வண்டி கிளம்பவில்லை. என் வண்டியில் கோரா வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சொல்ல வேண்டியது இருக்கிறது என்றார். ஒன்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஷூ பெட்டி ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கோரா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. மிஸ் லாத்வெல் படியில் நின்றபடியே உயில் விஷயத்தை வரி எண்ணோடு சொல்லி, தன்னுடைய கிளையும் நீக்கப்படுகிறது என்றார். கோரா முழுவதையும் கேட்டுவிட்டு, இதற்காகத்தான் வந்தாயா என்றார். இல்லை, உன் பாட்டி வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிகள் எழுதியிருக்கும் என்று கேள்விப்பட்டேன், அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் விட்டுவிட்டேன், இப்போது பார்க்க முடியுமா என்று கேட்டார் மிஸ் லாத்வெல். நான் வண்டியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

"வின்னி, என்னோடத இருநூறு பேருக்கு முன்னாடி படிச்ச. நான் கேக்க எடுத்துக்கிட்டு அத்தன பேருக்கும் நடுவுல நடந்து போனேன். உன்னோடத மட்டும் என் வாசப்படியில வந்து ரகசியமா சொல்லிட்டுப் போறியா?"

கோரா கத்தவில்லை. கதவையும் மெதுவாகத்தான் சாத்தினார். திரும்பி வரும் வழியெல்லாம் மிஸ் லாத்வெல் ஷூ பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவ சொல்றது சரி" என்றார். கேள்வி கேட்பதுபோல் இருந்தது அதைச் சொன்ன விதம்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை பழைய தேவாலயக் கூடத்தில் இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நான் லாத்வெல் அல்ல. அவருடைய வண்டி இன்னும் சரியாகாததால் கொண்டுவந்து விட்டவள் என்ற முறையில் கடைசி வரிசையில் இருந்தேன். கதவோரம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கோரா நின்றிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது.

திருத்தங்கள் என்ற தலைப்பு வந்ததும் மிஸ் லாத்வெல் எழுந்தார். கோராவுடையதையும் இதே குரலில்தான் படித்திருப்பார் என்று தோன்றியது. இன்னும் அச்சுக்குப் போகாத புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு முதல் முன்னூற்று ஐம்பத்தொன்று வரையிலான பக்கங்கள் நீக்கப்படுகின்றன. ஆதாரம் இன்ன கட்டு, இன்ன தாள், இன்ன வரி. யோதாம் வழியில் வந்த உறுப்பினர்கள் இன்றோடு விலகுகிறார்கள், இதைப் படிக்கும் செயலாளர் உட்பட. பிறகு தாளைத் திருப்பி, அதில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கோரா பிக்ஸ்பியோட கிளைய நீக்கினேன். நீக்கினது சரி. ஆனா அவங்க வீட்டு பைபிளப் பார்க்காம நீக்கினேன். இப்படி எல்லார் முன்னாடியும் நின்னு கேக்குறது எப்படி இருக்கும்னும் எனக்கு அப்பத் தெரியல."

கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. வெர்னன் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் எழுந்தவர் கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர். மிஸ் லாத்வெல்லைக் கௌரவ உறுப்பினராக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நானும் தட்டினேன். மிஸ் லாத்வெல் கையை உயர்த்தி, சங்கத்தில் கௌரவ உறுப்பினர் என்று ஒரு வகையே இல்லை என்றார். அப்படியானால் ரத்த வழி என்ற விதியையே திருத்துவோம் என்று இன்னொருவர் எழுந்தார். திருத்தத்துக்கு முப்பது நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இந்த வருடம் காலம் கடந்துவிட்டது என்று அதையும் அடைத்தார். பின்வரிசையில் யாரோ, "அம்மா தாயே, ஏதாவது ஒண்ண ஒத்துக்கயேன்" என்று முனகியது கேட்டது. கதவோரம் கோரா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

வேறொருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தேவாலயப் படிகளில் குழுப்படம். வாடகைக்கு வந்திருந்த போட்டோக்காரர் முக்காலியை நிறுத்தினார். மிஸ் லாத்வெல்லை வரச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். அவர் படி ஏறவில்லை. கீழே நின்று, மூத்த மகன் வழி மேல்படி, இரண்டாவது மகன் வழி அடுத்த படி என்று ஆட்களை முழங்கையைப் பிடித்து இடம் மாற்றினார். வெயிலில் குழந்தைகள் அழுதன. மூன்றாவது மகன் வழியில் ஒரு தம்பதி தவறிப்போய் நான்காவது வழியில் நின்றதைக் கண்டுபிடித்து இறக்கினார். இருபத்தைந்து நிமிடம். போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

யோதாம் வழிக்காரர்கள் நாற்பது பேர் எங்கே நிற்பது, வீட்டுக்குப் போவதா இருப்பதா என்று தெரியாமல் மேப்பிள் மரத்தடியில் கூட்டமாக நின்றிருந்தார்கள். வெர்னன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். படிகளில் படம் எடுத்து முடிந்ததும் மிஸ் லாத்வெல் மரத்தடிக்குப் போனார். வெர்னன் வேறு பக்கம் பார்த்தார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உயரமானவர்களைப் பின்னால் தள்ளினார், குழந்தைகளைப் புல்லில் உட்கார வைத்தார், தம்பியின் கையிலிருந்த கோட்டை வாங்கி அவர் தோளில் போட்டுவிட்டார். வெர்னன் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கையை நுழைத்தார்.

வரிசையின் ஓரத்தில் கோரா நிற்பதைக் கண்டு மிஸ் லாத்வெல் நின்றார். நீ யோதாம் வழி இல்லையே என்றார். "நான் எந்த வழியும் இல்ல, நீதான் வெட்டிட்டியே" என்றார் கோரா. மிஸ் லாத்வெல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உயரமா இருக்க. பின்னாடி போ."

போட்டோக்காரர் லென்ஸை மூடிக்கொண்டிருந்தார். ஒரு படத்துக்குத்தான் பேச்சு என்றார். மிஸ் லாத்வெல் புல்லைத் தாண்டி வந்து, கேமராவோடு சேர்த்து முக்காலியை இரண்டு கையாலும் பிடித்து, தேவாலயத்தைப் பார்த்திருந்ததை மரத்தடிப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.